எத்தனை நாளுக்கு, எவர் வீட்டில்: புயற்காலக் கையிருப்பு பற்றிய வாதங்கள்

புயல் கரையேறுவதற்கு முன் ஒரு குடும்பம் எதை, எவ்வளவு, எத்தனை நாளுக்குச் சேர்த்து வைக்க வேண்டும் என்ற கேள்வி இன்று துண்டறிக்கைகளிலும் வானொலி அறிவிப்புகளிலும் ஒரு பட்டியலாகச் சுருங்கி வருகிறது: குடிநீர், உலர் உணவு, கைவிளக்கு, மருந்து, நீர் புகாத உறையில் ஆவணங்கள். பட்டியல் தவறானதன்று. ஆனால் அதற்குப் பின்னால் இன்னும் முடிவுக்கு வராத மூன்று பழைய வழக்குகள் இருக்கின்றன. சேமிக்க வேண்டியது குடும்பமா அரசா என்பது முதலாவது. எத்தனை நாள் என்ற அளவை எதைக் கொண்டு நிர்ணயிப்பது என்பது இரண்டாவது. சேமிக்க இடமும் பணமும் இல்லாத வீட்டுக்கு இந்த அறிவுரை என்ன பொருள் தருகிறது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் கூறப்பட்ட விடைகளைக் கடலூர் மாவட்டத்தின் உள்பகுதியில், கடலிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விருத்தாசலத்தை மனத்தில் நிறுத்தி இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

விருத்தாசலத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. புயல் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கடற்கரைக் குப்பத்தையோ பெருநகரத்தையோ கண்முன் வைத்தே எழுதப்படுகின்றன. மணிமுத்தாற்றங்கரையில் கோயிலும், இரயில் சந்திப்பும், பீங்கான் தொழிற்பேட்டையும், சுற்றிலும் முந்திரித் தோப்புகளுமாக இருக்கும் உள்நாட்டு ஊர் இவ்விரண்டிலும் சேராது. கடல் பொங்கி அதன் வீடுகளுக்குள் வராது. ஆனால் காற்று வரும், ஆறு வரும், மின்சாரம் போகும்.

களஞ்சியம் எவருடையது

சேமிப்பு அரசின் கடமை என்ற நிலைப்பாடு மிகப் பழையது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், பண்டகசாலையில் சேர்வதில் பாதியை நாட்டு மக்களின் ஆபத்துக் காலத்துக்கென ஒதுக்கிவிட்டு மறுபாதியையே செலவிட வேண்டும் என்றும், பழைய இருப்பை அவ்வப்போது புதியதால் மாற்ற வேண்டும் என்றும் விதிக்கிறது. அதே நூல் வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது பொறுப்பின் ஒரு பங்கைக் குடிகளிடமே விடுகிறது: ஆற்றங்கரை ஊரார் மழைக்காலத்தில் மேட்டுக்குப் போய்விட வேண்டும், பலகை, மூங்கில், ஓடம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். தானியம் அரசனிடம், தப்பிக்கும் கருவி குடிகளிடம் என்ற இந்தப் பங்கீடு பிற்காலத்து விவாதங்களில் காணாமற்போனது வியப்புக்குரியது.

தமிழகத்தில் கோயில்கள் இந்த இடைவெளியின் ஒரு பகுதியை நிரப்பின. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. விருத்தாசலத்துக்கே உரிய ஒரு தொன்மமும் இங்கே நினைவுக்கு வருகிறது. திருமுதுகுன்றம் என்ற பழம்பெயர் கொண்ட இவ்வூரில் பெற்ற பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது அது. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற வழக்கு அதிலிருந்து பிறந்ததாகச் சொல்வார்கள். பொதுக் களஞ்சியம் என்ற ஏற்பாடே ஏறக்குறைய இப்படிப்பட்டதுதான். ஓரிடத்தில் இட்டது வேறிடத்தில், வேறொரு நாளில் கிடைக்கும் என்ற நம்பிக்கையால்தான் அது நிற்கிறது. சுந்தரருக்குக் கிடைத்த உத்தரவாதம் சாலை துண்டிக்கப்பட்ட ஊருக்குக் கிடைப்பதில்லை என்பதே அதன் பலவீனம்.

எதிர்நிலையான வாதம், அதாவது சந்தையே தானியத்தை வேண்டிய இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் என்பது, 19ஆம் நூற்றாண்டில் ஆட்சிக் கொள்கையாக இருந்தது. 1876-78 பெரும் பஞ்சத்தின்போது சென்னை மாகாண அரசாங்கம் தானே தானியம் வாங்கி இருப்பு வைக்க முயன்றதை மேலிருந்த இந்திய அரசாங்கம் வணிகத்தில் தலையிடுவதாகக் கருதிக் கண்டித்தது. அந்தக் கொள்கையின் விலை பல இலட்சம் உயிர்கள். அதற்குப் பின் வந்த பஞ்சக் குழுவும் பஞ்ச விதித்தொகுப்பும் அரசின் கடமையை ஓரளவு எழுத்தில் வைத்தன என்றாலும், நிவாரண வேலை கொடுத்துக் கூலி தருவதையே முதன்மையாக்கின.

வீட்டுச் சேமிப்பை ஐயத்தோடு பார்க்கும் மூன்றாவது நிலைப்பாடு ஒரு புயலோடும் தொடர்புடையது. 1942 அக்டோபர் 16 அன்று வங்காளத்தின் மிதினாப்பூரைத் தாக்கிய புயல் விளைந்துகொண்டிருந்த நெல்லை அழித்தது. அடுத்த ஆண்டு வங்கப் பஞ்சம் வந்தது. உணவு குறைந்ததைவிட, அதை வாங்கும் ஆற்றல் ஏழைகளின் கையிலிருந்து நழுவியதே அந்தச் சாவுகளுக்குப் பெரிய காரணம் என்று அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். போர்க்காலப் பணவீக்கத்தோடு, பதுக்கலும் அச்சத்தால் எழுந்த கொள்முதலும் விலையை ஏற்றின என்பது அவ்விளக்கத்தின் ஒரு பகுதி. ஒரு வீட்டின் முன்னெச்சரிக்கை எந்தப் புள்ளியில் அடுத்த வீட்டின் பற்றாக்குறையாக மாறுகிறது என்ற கேள்வி இங்கிருந்துதான் எழுகிறது. ஆயினும் வங்காளத்தில் விலையை உயர்த்தியது வணிகர்களும் வசதியுள்ளோரும் மாதக்கணக்கில் வைத்த இருப்பு. நான்கு நாள் அரிசிக்கும் அதற்கும் உள்ள தூரத்தை மறந்துவிட்டு இரண்டையும் பதுக்கல் என்று ஒரே பெயரால் அழைப்பது நியாயமாகாது.

தமிழ்நாட்டின் இன்றைய விடை மேற்கண்ட மூன்றின் கலவை. 1972இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகமும், எல்லோருக்குமான நியாயவிலைக் கடைகளும், 2011 முதல் விலையின்றி வழங்கப்படும் அரிசியும் சேர்ந்து, பஞ்சம் என்ற பழைய அச்சத்தைப் பெரும்பாலும் அகற்றிவிட்டன. புயலுக்குப் பிந்தைய நாள்களில் எழும் பற்றாக்குறை அதனால் வேறு வடிவம் எடுத்திருக்கிறது.

எழுபத்திரண்டு மணி நேரத்தின் பயணம்

எத்தனை நாள் என்ற அளவுக்கு உலகெங்கும் அதிகமாகச் சொல்லப்படும் எண் மூன்று நாள், அல்லது 72 மணி நேரம். அமெரிக்காவில் பேரிடர் நிருவாகத் துறையும் செஞ்சிலுவைச் சங்கமும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன், அதாவது ஏறத்தாழ 3.8 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கோடு இதைப் பரப்பின. ஜப்பான் குறைந்தது மூன்று நாள், கூடுமானால் ஒரு வாரம் என்கிறது. ஜெர்மனி 2016இல் பத்து நாள் உணவும் ஐந்து நாள் தண்ணீரும் என்றது. சுவீடன் 2018இல் வீடுதோறும் ஒரு கையேட்டை அனுப்பியது. ஹவாய்த் தீவுகளில் 14 நாள் என்று அறிவுறுத்துகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2025 மார்ச்சில் மீண்டும் 72 மணி நேரத்துக்கே வந்து நின்றது.

மூன்று நாளிலிருந்து 14 நாள் வரை நீளும் இந்த எண்கள் ஒரு மனிதனுக்கு என்ன தேவை என்பதைவிட, உதவிக்கு வருவோர் எப்போது வந்துசேர்வர் என்பதையே அளக்கின்றன. பெருங்கடலின் நடுவிலிருக்கும் ஹவாய்க்குக் கப்பல் வர வேண்டும். ஆகவே அங்கே 14. அப்படியானால் ஓர் ஊருக்குரிய எண்ணை அந்த ஊரின் சாலை, மின்கம்பி, குடிநீர்க் குழாய் ஆகியவை மீண்டும் இயங்க எடுத்துக்கொண்ட காலத்திலிருந்தே பெற வேண்டும். வேறொரு நாட்டின் துண்டறிக்கையிலிருந்து பெற முடியாது. இதற்கும் மேலாக ஓர் ஐயம் உண்டு. இத்தகைய அவசரப் பெட்டிகள் உண்மையில் உயிரையோ உடல்நலத்தையோ காக்கின்றன என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்விதழ் ஒன்றில் 2016இல் வெளிவந்த மதிப்புரை சுட்டிக்காட்டியது. சான்று இல்லை என்பது பயன் இல்லை என்பதாகாது. பேரிடரின் நடுவில் ஒப்பீட்டு ஆய்வு நடத்துவது எளிதுமன்று. எனினும் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட ஓர் அறிவுரை சோதிக்கப்படாமலே நிலைபெற்றிருக்கிறது என்பது கவனத்துக்குரியது.

எங்கே தங்குவது என்பதையும் இந்த எண் சொல்வதில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது வீட்டில் எவ்வளவு இருப்பு வைத்திருந்தாலும் பயனில்லை. கடலோரத்தாருக்கும் ஆற்றங்கரையாருக்கும் தேவை கையில் எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய ஒரு மூட்டை. மேட்டில் ஓட்டு வீட்டிலோ தளம் போட்ட வீட்டிலோ இருப்போருக்குத் தேவை உட்கார்ந்து தின்னக்கூடிய இருப்பு. விருத்தாசலத்தில் இரு வகையினரும் சில தெருக்கள் இடைவெளியில் வாழ்கிறார்கள். 2015 நவம்பரில் அண்டையிலுள்ள நெய்வேலியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது போன்ற ஒரு நாளில், தாழ்ந்த வீட்டின் தரையில் அடுக்கிய அரிசி மூட்டைதான் முதலில் நனையும். பழைய வீடுகளில் பரண் என்ற ஒன்று இருந்தது. புதிய ஒற்றையறை வீடுகளில் அது பெரும்பாலும் இல்லை.

தானே விட்டுச் சென்ற பாடம்

2011 டிசம்பர் 30 அதிகாலையை அடுத்து, மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வேகக் காற்றுடன், புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தது. கடலூர் மாவட்டத்தின் முந்திரித் தோப்புகளும் பண்ருட்டிப் பலாமரங்களும் வேரோடு சாய்ந்ததே அதன் நினைவாகப் பெரும்பாலும் எழுதப்பட்டது. மரம் நட்டுக் காய்க்க ஆகும் ஆண்டுகளை எண்ணினால் அது சரியே. ஆனால் கையிருப்பு பற்றிய விவாதத்துக்கு அதைவிட முக்கியமானது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தமையும், சில கிராமங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனமையுமாகும்.

மின்சாரம் போனால் வெளிச்சம் மட்டும் போவதில்லை. கடலூர் மாவட்டத்தின் உள்பகுதிகளில் குடிநீர் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரால் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றப்பட்டு, அங்கிருந்து தெருக்குழாய்க்கு வருகிறது. மோட்டார் நின்றால் தொட்டியில் எஞ்சியிருக்கும் நீர் தீரும்வரைதான் குழாய். அதன்பின் கைப்பம்பு, திறந்த கிணறு, இல்லையேல் வாடகை ஜெனரேட்டர். வாளி விட்டு இறைத்த கிணறுகள் பயன்படுத்தப்படாமல் தூர்ந்தும் மூடப்பட்டும் போன தெருக்களில் இந்த நிலை இன்னும் கடுமை. மாவு அரைக்கும் இயந்திரம், கைப்பேசி, குளிர்பதனப் பெட்டியில் வைத்த இன்சுலின் என்று மற்றவையும் ஒரே கம்பியில் தொங்குகின்றன. நாட்டுக்கு மின்சாரம் தரும் நெய்வேலி அனல்நிலையங்கள் பக்கத்திலேயே இருப்பதும், மின்சாதனங்களுக்கான பீங்கான் உறுப்புகள் விருத்தாசலத்திலேயே செய்யப்படுவதும் இந்த ஊர்களை இருட்டிலிருந்து காக்கவில்லை என்பது ஒரு முரண். மின்சாரம் பிறக்கும் இடம் வேறு, அது தெருவுக்கு வந்துசேரும் கம்பம் வேறு.

எனவே பட்டியலில் அரிசிக்கு இருக்கும் முதலிடத்தை இங்கே தண்ணீருக்குத் தர வேண்டியிருக்கிறது. கணக்கு எளிது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் வீதம் மூன்று நாளுக்கு 48 லிட்டர், அதாவது நான்கு குடம். இது குடிக்கவும் கொஞ்சம் சமைக்கவும் மட்டும். மனிதநேய உதவிக்கான ஸ்பியர் அளவுகோல் குளியல், துவையல் எல்லாம் சேர்த்துக் குறைந்தபட்சம் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்கிறது. அதே குடும்பத்துக்கு அது 180 லிட்டர், பதினைந்து குடம். நான்கு குடத்தை எந்த வீட்டிலும் நிறுத்தலாம். பதினைந்து குடத்துக்கு டிரம் வேண்டும், அதை வைக்க மேடை வேண்டும், மூடி வேண்டும். மூடாமல் விட்டால் புயல் போன பத்தாம் நாள் டெங்குக் கொசு அதிலிருந்து புறப்படும்.

பாண்டமும் பழக்கமும்

மரபு வழிச் சேமிப்பை முன்னிறுத்துவோர் சொல்வது இங்கேதான் வலுப்பெறுகிறது. நெல்லுக்குக் குதிர், பருப்புக்குச் செம்மண் கட்டுதல், ஊறுகாய்க்கும் புளிக்கும் பீங்கான் ஜாடி, சித்திரை வெயிலில் காய்ந்த வற்றலும் வடகமும் கருவாடும், அடுக்கி வைத்த விறகும் வறட்டியும் என்று ஒரு குடும்பம் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குத் தன்னைத் தயார்செய்துகொண்டது உண்மை. அது புயலுக்கென்று தனியாகச் செய்த ஏற்பாடன்று. ஆண்டின் ஓட்டத்திலேயே அமைந்த இருப்பு. அதனாலேயே அது கெட்டுப்போகாமல் சுழன்றது. ஜப்பானியர் இன்று உண்டதை உண்டபடி நிரப்பும் முறை என்று பரிந்துரைப்பதும், பழையதைப் புதியதால் மாற்றச் சொன்ன கௌடில்யரின் விதியும் இதையே சொல்கின்றன. தனிப்பெட்டியில் பூட்டி வைத்த பிஸ்கட் அடுத்த ஆண்டு புயலின்போது காலாவதியாகியிருக்கும். தினமும் கை போகும் ஜாடிக்கு அந்த ஆபத்து இல்லை.

ஆனால் இந்த வாதம் பெரும்பாலும் நிலமுள்ள வீட்டின் நினைவிலிருந்து எழுதப்படுகிறது. குதிர் நிரம்ப வயல் வேண்டும். முந்திரிக் கொட்டை பொறுக்கவும் உடைக்கவும் செங்கல் அறுக்கவும் போகும் குடும்பங்களில் ஆண்டுச் சேமிப்பு என்ற பேச்சுக்கே இடமிருந்ததில்லை. அன்றைய கூலியில் அன்றைய அரிசி வந்தது. மரபு எல்லோருக்கும் பொதுவாக இருந்ததாகக் கருதிக்கொண்டு அது போய்விட்டதே என்று வருந்துவது வரலாறாகாது.

பாண்டத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல் கூடுதலாகச் சொல்லலாம், ஊர் பீங்கானுக்குப் பெயர்பெற்றது என்பதால். தண்ணீரைச் சேமிப்பது ஒரு சிக்கல். சேமித்த தண்ணீரைக் குடிக்கத்தக்கதாக வைப்பது வேறு சிக்கல். கொதிக்கவைக்க எரிபொருள் வேண்டும். குளோரின் மாத்திரை கடையில் இருக்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் குவாத்தமாலாவில் உருவான மண்வடிகட்டி இதற்கு ஒரு மாற்று. களிமண்ணோடு மரத்தூளையோ உமியையோ கலந்து தொட்டி வடிவில் சுடும்போது தூள் எரிந்து நுண்துளைகளை விட்டுச்செல்கிறது. வெள்ளிக் கரைசல் பூசிய அந்தத் தொட்டியின் வழியாக மணிக்கு ஓரிரண்டு லிட்டர் நீர் கசிந்து இறங்க, கிருமிகளின் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. கம்போடியாவில் நடந்த ஆய்வுகள் இதைப் பயன்படுத்திய வீடுகளில் வயிற்றுப்போக்கு குறைந்ததைக் காட்டின. நாளடைவில் பல வீடுகளில் தொட்டி உடைந்ததும், உடைந்தபின் புதிது வாங்கப்படாததும் அவ்வாய்வுகளில் தெரியவந்தன. களிமண்ணும் சூளையும் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் உள்ள விருத்தாசலத்தில் இதைச் செய்வது தொழில்நுட்ப அளவில் கடினமாக இருக்க வாய்ப்பில்லை. பொம்மைக்கும் அகல்விளக்குக்கும் உள்ள சந்தை இதற்கு உண்டா என்பதுதான் கேள்வி.

மாதக் கடைசி

இந்திய வானிலை ஆய்வுத் துறை, பாதகமான வானிலை தொடங்குவதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பாகப் புயல் விழிப்பூட்டலும், 24 மணி நேரம் முன்பாகப் புயல் எச்சரிக்கையும் விடுக்கிறது. கணிப்பின் துல்லியம் பெருமளவு கூடியிருக்கிறது. 1999இல் ஒடிசாவில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரைக் கொன்ற பெரும்புயலையும், அதே கரையில் 2013இல் வந்த பைலின் புயலின் உயிரிழப்பையும் ஒப்பிட்டால் அதன் பயன் புரியும். ஆனால் 48 மணி நேரம் என்பது தினக்கூலிக் குடும்பத்துக்கு இரண்டு நாள் கூலி. வானம் மூடிய அந்த இரண்டு நாளிலும் வேலை இருப்பதில்லை. எச்சரிக்கை கேட்டவுடன் கடைக்குப் போகச் சொல்லும் அறிவுரை, கையில் காசு இருப்பதாக எடுத்துக்கொள்கிறது.

நாள்காட்டியும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. தானே டிசம்பர் 30இல் வந்தது. நிவர் 2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டி வந்தது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30இல் வந்தது. கஜா மட்டும் மாத நடுவில், 2018 நவம்பர் 16இல். இதில் விதி எதுவும் இல்லை, தற்செயலே. ஆனால் மாதத் தொடக்கத்தில் வாங்கிய ரேஷன் அரிசியின் அடிப்பகுதி தெரிவதும், சம்பளம் தீர்வதும், எரிவாயு உருளை இலேசாவதும் அந்தக் கடைசி வாரத்தில்தான். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அடுத்த மாத ஒதுக்கீட்டை ஒரு வாரம் முன்பாகவே வழங்கினால் வீட்டுக் கையிருப்பு என்ற இலக்கில் ஒரு பகுதி புதிய செலவின்றி நிறைவேறக்கூடும். மருந்து விஷயத்தில் இதற்கு ஒப்பான ஒன்று வேறு நோக்கத்தோடு ஏற்கெனவே நடக்கிறது: 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளோரின் வீட்டுக்கே மாத்திரையைக் கொண்டுசேர்க்கிறது. பேரிடர்த் திட்டமாக அதை எவரும் எண்ணுவதில்லை.

புயலுக்குப் பின் பணம் தருவது இன்னொரு வழி. ஃபெஞ்சலுக்குப் பிறகு கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைதாரர்களுக்கு 2000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. இழப்பை ஆற்ற அது உதவியிருக்கலாம். முதல் மூன்று நாளுக்கு அது உதவாது. அதே தொகையில் ஒரு பங்கை எச்சரிக்கை விடுக்கும்போதே தருவது என்ற முன்கூட்டிய உதவி முறை வங்கதேசத்தில் சோதிக்கப்பட்டு வருகிறது. திசை மாறிப்போகும் புயலுக்கும் பணம் போய்விடுமே என்பது அதற்கு எதிரான வலுவான ஆட்சேபம்.

வீட்டுக்கும் கிடங்குக்கும் நடுவில்

குடும்பமா அரசா என்ற இருமுனைக்கு வெளியே ஒரு நிலைப்பாடு வளர்ந்திருக்கிறது. வங்கதேசத்தில் 1970 பெரும்புயலுக்குப் பின் உருவான தொண்டர் அமைப்பும், ஒடிசாவில் 1999க்குப் பின் கட்டப்பட்ட பல்நோக்குப் புயல் காப்பகங்களும் சேமிப்பின் அலகை வீட்டிலிருந்து ஊருக்கு மாற்றின: ஓர் அடுக்களை, ஒரு நீர்த்தொட்டி, ஒரு ஜெனரேட்டர், பலர். வீட்டில் இடமில்லாதவரையும் அது உள்ளடக்குகிறது. பதுக்கல் என்ற பழியும் இல்லை. ஆனால் ஊர் என்பது தமிழ்நாட்டில் ஒன்றாக இருப்பதில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடலோர முகாம்களில் தலித் குடும்பங்கள் நிவாரணத்திலும் தண்ணீரிலும் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவுசெய்தன. பொதுத்தொட்டியின் சாவி எந்தத் தெருவில் இருக்கும் என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் பொதுச் சேமிப்பைப் பரிந்துரைப்பது பாதிப் பரிந்துரையே. பள்ளிக்கூடமும் நியாயவிலைக் கடையும் எல்லாத் தெருவினரும் ஏற்கெனவே வந்துபோகும் இடங்கள் என்பதால் அவை இதற்கு ஏற்றவையாகத் தோன்றுகின்றன. அங்கும் அடைப்புகள் இல்லாமலில்லை.

திறந்திருப்பவை

இதுவரை பார்த்தவற்றில் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது, உள்நாட்டு ஊர்களில் தண்ணீரும் மின்சாரமுமே முதல் நெருக்கடி என்பதும், அரிசியைச் சுற்றி வளர்ந்த பழைய விவாதம் அதற்கு நேரடியாக விடை தரவில்லை என்பதும்தான். 72 மணி நேரம் போதுமா என்பது உறுதியில்லை. தானேயின் மின்வெட்டை அளவாகக் கொண்டால் போதாது, சாலைகள் விரைவில் திறந்ததை அளவாகக் கொண்டால் உணவுக்குப் போதும், ஒரே வீட்டுக்கு இரண்டு பொருளுக்கு இரண்டு எண் தேவைப்படலாம். ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டிக்கும் ஒரு ஜெனரேட்டரோ சூரியமின் பம்போ வைப்பதன் செலவை, அந்தத் தொட்டியை நம்பியிருக்கும் வீடுகள் தனித்தனியே டிரம் வாங்கும் செலவோடு ஊர்வாரியாக ஒப்பிட்டால் விவாதத்தின் பாதி தீரக்கூடும். புயலைத் தாண்டிய குடும்பங்களிடம் எது முதலில் தீர்ந்தது, எத்தனையாம் நாள் தீர்ந்தது, அப்போது யாரிடம் போய்க் கேட்டார்கள் என்ற மூன்று கேள்விகளையும் நிவாரணக் கணக்கெடுப்புப் படிவத்தில் சேர்ப்பது அதற்கு முந்திய வேலை. சாய்ந்த மரத்துக்கும் இடிந்த சுவருக்கும் அப்படிவங்களில் கட்டம் இருக்கிறது, வற்றிய குடத்துக்கு இல்லை.